மறைக்கப்பட்ட சாட்சியம்

ஹதீஸ் பாடம் நடத்தும்போது அறிவிப்பாளர் ஆய்வையே நாம் முதலில் கற்பிப்பது வழக்கம். சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், மறைக்க அவருக்கு ஏதேனும் காரணம் உண்டா என்று பார்ப்போம். "அரசாங்கமே அறிவிப்பாளராக நின்றால் என்ன செய்வது, ஹஜ்ரத்?" என்று அண்மையில் ஒரு மாணவர் வினவினார். யூரல் மலைப்பகுதியின் கதையை அவருக்குச் சொன்னோம்.

1957 செப்டம்பர் 29 அன்று, சோவியத் நாட்டின் மாயக் அணு ஆலையில் கதிரியக்கக் கழிவுத் தொட்டியொன்று, குளிரூட்டும் அமைப்புப் பழுதானதால் வெடித்தது. வானில் தோன்றிய ஒளியை வட்டாரச் செய்தித்தாள் வடதுருவ ஒளி என்று எழுதிற்று. சுற்றுப்புறச் சிற்றூர்களில் வாழ்ந்தோருள் பலர் தாத்தாரியரும் பாஷ்கீரியருமான முஸ்லிம்கள். முதற் சிற்றூர்களை அப்புறப்படுத்தவே ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. உண்மைக் காரணமும் சொல்லப்படவில்லை. அதற்கு முன்னரே, 1949 முதல், அவ்வாலையின் கழிவு தேச்சா ஆற்றில் விடப்பட்டு வந்தது. கரையோர மக்கள் அந்நீரை அறியாது பருகினர்.

1976இல் ஜோரஸ் மெத்வதேவ் என்னும் விஞ்ஞானி இலண்டனிலிருந்து இதனை வெளியிட்டபோது, பிரிட்டனின் அணுசக்தித் துறைத் தலைவரே அதனைக் குப்பையென ஒதுக்கினார். அமெரிக்க உளவுத்துறையோ முன்பே அறிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. மெத்வதேவ் சளைக்கவில்லை. ஏரி மீன்களையும் மண்ணையும் பற்றிய சோவியத் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்தார். அவற்றில் இடத்தின் பெயர் இல்லை. எனினும் அங்கு வாழும் உயிரினங்களைக் கொண்டே இடத்தை நிறுவி, 1979இல் நூலாக்கினார். 1989இல்தான் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள்!

இதைச் சொல்லி முடித்தபோது நம் நெஞ்சே நம்மைக் குத்திற்று. இளம் ஆசிரியராக நாம் பணியாற்றிய ஒரு மதரஸாவில் கிணற்று நீர் கெட்டுப் பிள்ளைகள் காய்ச்சலில் வீழ்ந்தனர். "பெயர் கெடும், பேசாதீர்கள்" என்றனர் நிர்வாகத்தினர். பார்க்க வந்த ஒரு தாய், "என் பிள்ளைக்கு ஏன் காய்ச்சல், ஹஜ்ரத்?" என்று கேட்டார். "பருவக்கோளாறு, அம்மா" என்றோம். பிள்ளை பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அறிவிப்பாளர் ஆய்வில் அன்றைய நாம் தேறியிருக்கமாட்டோம்.

அரசுகள் மறைப்பது பெரிய அளவில். நாம் மறைத்தது சிறிய அளவில். இரண்டிலும் நீரைப் பருகியவர் அறியாதவரே. சாட்சியம் ஓர் அமானிதம். கேட்பவர் வரும்வரை காத்திராமல் உரியவரிடம் அதனைச் சேர்ப்பித்தாக வேண்டும். அந்த மாணவருக்கு நாம் அளித்த விடையும் இதுவே.