இடது காதில் ஒரு கடல், வலது காதில் ஒரு கடல்!

"அம்மா, தனுஷ்கோடி போறோம். நீயும் வர்றியா?"

மகள் கேட்டபோது தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியூர் போகும் மாணவர்களோடு வீட்டுப் பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது கல்லூரி விதியாம். மற்ற நான்கு பேர் வீட்டிலும் யாருக்கும் லீவு இல்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

மகள் விஸ்காம் கடைசி வருடம். இந்த வருடம் பத்து நிமிட த்ரில்லர் குறும்படம் எடுக்க வேண்டும். காணாமல் போன அண்ணனைத் தேடித் தனுஷ்கோடி வரும் ஒரு பெண்ணின் கதை. அதில் முதல் ஒன்றரை நிமிடம் எப்படி இருக்கும், என்னென்ன சத்தம் வரும் என்று வினாடிக் கணக்கில் எழுதிக் காட்டினால்தான் துறையில் ஒப்புதல் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே எதையாவது எடுத்து முடிக்க வேண்டியதுதான். அதனால் ஷூட்டிங்குக்கு முன்னால் இடம் பார்க்கவும் சத்தம் பதிவு செய்யவும் இந்தப் பயணம்.

"முதல் ஸீன் ரெடி ஆன்ட்டி" என்றான் ஒலிப்பதிவு பார்க்கும் பையன். "கும்மிருட்டு. தூரத்துல ரயில் விசில். கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வருது. ஆனா, அந்த ஊர்ல ரயிலே கிடையாது!"

கேட்டதும் எனக்கே கை சிலிர்த்தது. பிரமாதம்டா என்று நானும் சொல்லி வைத்தேன்.

பாம்பன் பாலத்தில் ஒரு பாடம்

போன ஆடி மாதம், சென்னையிலிருந்து இரவு ரயிலில் கிளம்பினோம். சாப்பாட்டுக்குப் புளியோதரை, பேச்சுக்கு சினிமா.

எனக்குத் தெரிந்த த்ரில்லர் 'அந்த நாள்'. 1954ல் எஸ்.பாலசந்தர் இயக்கியது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு துப்பாக்கிச் சத்தம், சிவாஜி செத்துப்போவார். சுட்டது யார் என்பதுதான் மீதிப் படம். ஒரே ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு முழுப் படமும் நகரும். பிள்ளைகள் 1975ல் வந்த 'ஜாஸ்' படத்தைச் சொன்னார்கள். முதல் காட்சியில் சுறா கண்ணிலேயே படாது. கடலில் நீந்தும் பெண், அடியிலிருந்து ஏறிவரும் இசை, அவ்வளவுதான். பார்க்கிறவர்களே தங்கள் மனதில் சுறாவை வரைந்துகொள்வார்கள்.

"படம் எதையும் காட்டக் கூடாது. காதுக்கு மட்டும் சொல்லணும்" என்றாள் மகள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைத் தண்ணீரில் குதித்த குழந்தையா இப்படிப் பேசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியற்காலையில் பாம்பன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயில் போகிறது. பக்கத்திலேயே 1914ல் கட்டிய பழைய பாலம், வேலை முடிந்து ஓய்வெடுக்கும் தாத்தாவைப் போல நின்றது. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் இந்த வழியாகத் தனுஷ்கோடி வரை போகும். அங்கே இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில், கொழும்புக்கு. ரயில் நிலையம், தபால் நிலையம், சர்ச், பள்ளிக்கூடம் என்று எல்லாம் இருந்த ஊர் அது.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அத்தனையையும் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்கும்போது கடலுக்குள் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. சிதைந்த பாம்பன் பாலத்தை இ.ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சரிசெய்துவிட்டது. ஆனால், தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊராக அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கம் ரயில் போகவே இல்லை.

இருட்டு கிடையாது!

ராமேஸ்வரத்தில் இறங்கியதுமே முதல் அடி. "நைட்டு ஷூட்டிங்கா? சாயங்காலத்துக்கு மேல அங்கிட்டு யாரையும் விடமாட்டாகளே" என்றார் வேன் டிரைவர். ஐந்து முகங்களும் தொங்கிப்போயின. கும்மிருட்டுக் காட்சி அங்கேயே காலி.

அன்று பகலில் போய்ப் பார்த்தோம். வழியில் கோதண்டராமர் கோயில், அதைத் தாண்டினால் நேர்க்கோடு போட்ட மாதிரி சாலை, இரண்டு பக்கமும் கடல். ஆனால், சத்தம்? வேன்களின் ஹாரன், ஐஸ்கிரீம் வண்டியின் மணி, யாரோ ஸ்பீக்கரில் அலறவிட்ட குத்துப்பாட்டு. திருவிழாக் கூட்டத்தில் திகில் படம் எடுக்க முடியுமா?

"நாளைக்கு விடியறப்பவே வந்துடலாம். ஆள் இல்லாத பகல், இருட்டைவிட பயமா இருக்கும்" என்றாள் மகள்.

வளையலைக் கழற்றுங்க ஆன்ட்டி

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, இடிந்த சர்ச் முன்னால் நின்றோம். கூரை இல்லை. பவளக் கல்லில் எழுப்பிய சுவர்கள் மட்டும், ஜன்னல் இருந்த இடத்தில் வானம். ஒரு நாய் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

ஆடிக்காற்று பிய்த்து எடுத்தது. முதல் பதிவைக் கேட்டால் வெறும் 'புர்ர்ர்'. காற்று நேராக மைக்கில் மோதினால் அப்படித்தான் ஆகுமாம். அதற்கென்று முடி அடர்ந்த ஓர் உறை வைத்திருக்கிறார்கள். அதற்குச் செல்லப்பெயர் 'பூனை'. மைக்குக்குப் பூனையை மாட்டி, ரெக்கார்டரில் அடிக்குரல் இரைச்சலைக் குறைக்கும் பட்டனைப் போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்கார்ந்தான் பையன். இப்போது காற்று வேறு மாதிரி கேட்டது. ஜன்னல் வழியே நுழையும்போது ஒரு முனகல், சுவரில் மணல் உரசும் 'சர்ர்'.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல், அசையாமல் நிற்க வேண்டும். இடத்துக்கென்று ஒரு சத்தம் உண்டு, அதைத் தனியாக எடுத்துக்கொண்டால்தான் பிறகு எடிட்டிங்கில் வெட்டிய இடமெல்லாம் ஒட்டும் என்றார்கள். மூன்றாவது தடவை பதிவு செய்யும்போது நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். "ஆன்ட்டி... வளையல்!" கண்ணாடி வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். இருபது வருடத்தில் வெறும் கையோடு நின்றது அன்றுதான்.

பிறகு அரிச்சல்முனைக்குப் போகும் சாலை. பையன் தன் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டான். "முனையைப் பார்த்து நில்லுங்க. கண்ணை மூடிக்குங்க."

இடது காதில் தண்ணீர் மெல்ல நக்கிப்போகும் சத்தம். வலது காதில் உருண்டு வந்து அறையும் அலை. இடது பக்கம் வங்கக் கடல், வலது பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியானதைப் 'பெண் கடல்' என்றும், ஆர்ப்பரிப்பதை 'ஆண் கடல்' என்றும் இங்கே சொல்கிறார்கள். (வீட்டில் நிலைமை தலைகீழ் என்று என் கணவர் சொல்வார்.) பருவக்காற்று மாறினால் கடல்களின் குணமும் மாறும். ஆடியில் தெற்குக் கடலுக்குத்தான் கோபம்.

"இப்ப மெதுவா திரும்புங்க." திரும்பினேன். இரண்டு கடலும் காது மாறின. ஒரு கணம் எங்கே நிற்கிறேன் என்றே புரியவில்லை. வயிற்றில் என்னவோ செய்தது. கண்ணைத் திறந்தால், என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள்.

"கிடைச்சிருச்சு!" என்றாள்.

கேட்காத விசில்

கடலோரம் ஓலைக்கொட்டகை டீக்கடையில் ஓர் அம்மா அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் உற்சாகமாகக் கதையைச் சொல்ல, ரயில் விசில் வரும் இடத்தையும் சொன்னார்கள். பையன் செல்லில் வைத்திருந்த விசிலைப் போட்டே காட்டிவிட்டான்.

அந்த அம்மா டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எங்க சின்னம்மா அந்த ரயில்லதான் வந்தாக" என்றார்.

யாரும் பேசவில்லை. செல்லை அணைக்கப் பையன் தடவித் தடவித் தேடினான்.

"எனக்கு அப்ப எட்டு வயசு. நானும் ஆத்தாவும் ராமேஸ்வரத்துல இருந்ததால தப்பிச்சோம். சிக்னல் விழுகலைன்னு டிரைவரு விசில் ஊதி ஊதிப் பாத்தாருன்னு சொல்லுவாக. எங்க அய்யா அன்னைக்கு இங்கனதான் மணல்மேட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. அவருக்கு விசிலு கேக்கலையாம்மா. காத்து, காத்து, காத்துதானாம். 'கேட்டிருந்தா ஓடியிருப்பேனே'ன்னு சாகுற மட்டும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

டீக்குக் காசு நீட்டினேன். வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். எங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. பிரமாதம்டா என்று முதலில் சொன்னவள் நான் அல்லவா?

வேனில் திரும்பும்போது சண்டை. "விசிலை எடுத்துட்டா படத்துல என்ன இருக்கு? இன்டர்னல் மார்க் போயிரும்" என்றான் ஒருவன். "அவங்க முன்னாடி இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட முடியுமா? முடியாதுன்னா வேண்டாம்" என்றாள் மகள். நான் வாயைத் திறக்கவில்லை. ராமேஸ்வரம் வருவதற்குள், விசில் பதிவை அழித்தது அதைத் தேடி எடுத்து வைத்திருந்த பையனேதான்.

தொண்ணூறு வினாடி

அன்று இரவு லாட்ஜ் அறையில், நோட்டுப் புத்தகத்தில் எழுதி முடித்த திட்டம் இது.

முதல் பத்து வினாடி, கறுப்புத் திரை. இடது காதில் மட்டும் அமைதியான தண்ணீர். அடுத்த பத்து வினாடியில் வலது காதில் முரட்டு அலை சேரும். இருபதாவது வினாடியில் படம் திறக்கும். விடியல், நீளமான சாலை, முதுகைக் காட்டி நடக்கும் பெண். காலடிச் சத்தம் இங்கே சரியாக விழவில்லை. அதை வீட்டில், பிளாஸ்டிக் தொட்டியில் மணலைக் கொட்டி எடுத்துக்கொள்ளலாம். (தொட்டி என்னுடையது.)

நாற்பத்தைந்தாவது வினாடியில் சர்ச்சுக்குள் நுழைகிறாள். சுவர் மறைக்க, அலை தணிகிறது. ஜன்னல் காற்றின் முனகல் மட்டும். அண்ணன் பெயரைக் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. மறுபடி சாலைக்கு வந்து முனையைப் பார்த்து நிற்கிறாள். எழுபதாவது வினாடியில் அவள் முகம் திரை முழுக்க. அவள் திரும்பவே இல்லை. ஆனால், இரண்டு கடலும் காது மாறுகின்றன. இதுவரை அவள் காதால் கேட்ட நாம், இப்போது அவளுக்கு எதிரே நின்று அவளையே பார்க்கும் வேறு யாருடைய காதாலோ கேட்கிறோம்!

அவள் வாய் திறந்து கத்துகிறாள். குரல் வராது. காற்று அதை விழுங்கிவிடும். தொண்ணூறாவது வினாடியில் எல்லாச் சத்தமும் நிற்கும். தலைப்பு.

அந்த அம்மாவின் அப்பாவுக்குக் கேட்காத விசில்தான் இங்கே கேட்காத குரலாக மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

துறையில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. தை மாதம் ஷூட்டிங். அப்போது எந்தக் கடல் ஆர்ப்பரிக்குமோ என்று பையனுக்கு ஒரே கவலை. ஆடியில் எடுத்த சத்தங்கள் பத்திரமாக இருக்கின்றன, அதனால் பயமில்லை என்கிறாள் மகள்.

கிளம்புவதற்கு முன்னால் டீக்கடை அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தோம். விசில் வராது என்றதும் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "படம் முடிஞ்சதும் எனக்குக் காட்டுவீகளா?" என்று கேட்டார்.

"கண்டிப்பா பாட்டி, செல்லுலயே காட்டறோம்."

"காட்டுங்க, காட்டுங்க. என்ன, எனக்குக் காதுதான் கொஞ்சம் மந்தம்" என்றார்.

ஒலிப்பதிவுப் பையனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

போக நினைப்பவர்களுக்கு...

* ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர். முனை வரை நல்ல சாலை இருக்கிறது. பஸ், ஆட்டோ, வேன் கிடைக்கும்.
* காலையில் சீக்கிரம் போனால் கூட்டமும் வெயிலும் குறைவு. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.
* முனையில் நீரோட்டம் ஆபத்தானது. கடலில் இறங்க வேண்டாம்.
* குடை, தொப்பி, குடிநீர் கட்டாயம். இடிந்த சுவர்களில் ஏற வேண்டாம், பெயர் கிறுக்க வேண்டாம்.
* சாலையில் நின்று, செல்லைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள்.