கதவு பாடலாமா?

நம் வீடுகளில் ஒரு சாமான் வாங்கினால் காரியம் அதோடு நிற்பதில்லை. ஃப்ரிட்ஜ் வந்தால் அதன் பின்னாலேயே ஸ்டெபிலைஸர் வந்து சேரும். டெலிபோன் வந்தால் அதற்கு ஓர் உறை வரும். ஆகவே, காருக்குப் புது ஸ்பீக்கர் பார்க்கப் போன இடத்தில், "அப்படியே கதவுக்கு டேம்பிங் ஷீட்டும் ஒட்டிடலாம், மேடம்!" என்று கடைக்காரர் சொன்னால், 'இதுவும் அந்த வால்களில் ஒன்றுதானோ?' என்று சந்தேகம் தோன்றுவது இயற்கை. எங்கள் வீட்டில் அந்தச் சந்தேகம் 10 நாட்கள் நடந்தது. காலைக் காப்பியோடு தொடங்கும். ராத்திரி விளக்கை அணைக்கும்போதுதான் ஓயும்.

விஷயம் பாட்டு மட்டுமாக இருந்திருந்தால் நான் தலையிட்டிருக்க மாட்டேன். எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வயது 77. சிறு வயதில் முறையாகப் பாட்டுக் கற்றுக் கொண்டவர். மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சிதம்பரம் போய் வருகிறோம். அந்தப் பிரயாணத்தில்தான் அவர் சாவகாசமாகக் கச்சேரி கேட்பது வழக்கம். ஆனால் எங்களுடையது சின்னக் கார், வயதும் ஆகிவிட்டது. வண்டி 80 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டதும் டயரும் காற்றும் போடுகிற இரைச்சலில் முதலில் தம்பூரா மறையும். அப்புறம் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மறையும். மிஞ்சுவது பாடுகிறவரின் மேல் ஸ்தாயி மட்டும். சத்தத்தைக் கூட்டினாலோ, கதவும் 'கிர்ர்ர்' என்று கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்து விடும்.

"போதும்ப்பா, நிறுத்திடு. தலையை வலிக்குது" என்பார் அத்தை.

கொஞ்ச நாள் இப்படிச் சொல்லிக் கொண்டிருந்தவர், பிறகு "பாட்டுப் போடேன்" என்று கேட்பதையே விட்டுவிட்டார். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக் கொண்டு வருவார். அதுதான் என்னை உறுத்தியது. வயதானவர்கள் ஒவ்வொரு ஆசையாகக் கேட்பதை நிறுத்திக் கொள்வது வீட்டில் யாருக்கும் தெரியாமலே நடந்து விடுகிறது. நாமும், 'அவர்களுக்கு இப்போதெல்லாம் அதில் இஷ்டமில்லை' என்று சௌகரியமாக முடிவு கட்டி விடுகிறோம்.

புது ஸ்பீக்கர் வைப்பது என்று தீர்மானமாயிற்று. ஒதுக்கிய தொகை 30,000 ரூபாய். உடனே வீட்டில் மூன்று கட்சிகள் முளைத்தன. பையன், ஆம்ப்ளிஃபயரும் டிக்கியில் ஒரு பெரிய ஸப்-ஊஃபரும் வேண்டும் என்றான். என் கணவர், "இருக்கிறதைக் கழற்றிவிட்டு நல்லதாக இரண்டு ஸ்பீக்கர் போட்டால் போதும்" என்றார். கடைக்காரரோ, முழுக் காருக்கும் ஷீட் ஒட்ட 28,000 ரூபாய் ஆகும் என்று கணக்குக் கொடுத்து, "ஏரோப்ளேனில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், பாருங்க!" என்று ஆசை காட்டினார். ஏரோப்ளேனுக்குள் நம் காரைவிட இரைச்சல் அதிகம் என்பதை அவரிடம் யார் சொல்வது?

இந்த ஷீட் என்னதான் செய்கிறது என்று நான் விசாரிக்கத் தொடங்கினேன். அதைப் புரிந்து கொள்ளச் சமையலறையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று நீளமாக ஒலிக்கும். அதன் மேல் ஒரு விரலை அழுத்தி வைத்துக் கொண்டு தட்டுங்கள். 'டொக்' என்பதோடு சரி. கார்க் கதவும் தாம்பாளத்தின் ஜாதிதான். ஒரு மில்லி மீட்டர்கூடக் கனமில்லாத இரும்புத் தகடு. அதில் ஸ்பீக்கரைத் திருகி வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் அதிர்ந்தால் தகடு சும்மா இருக்குமா? டேம்பிங் ஷீட் என்பது சுமார் 2 மில்லி மீட்டர் கனமுள்ள ப்யூட்டைல் ரப்பர். ஒரு பக்கம் பசை போல் ஒட்டிக் கொள்ளும். மறு பக்கம் மெல்லிய அலுமினியம். தகடு அதிரும்போது நடுவில் அகப்பட்டுக் கொண்ட ரப்பர் இழுபட்டு நெளிந்து, அந்த அதிர்வைத் துளி உஷ்ணமாக மாற்றி விழுங்கி விடுகிறது. தாம்பாளத்தின் மேல் வைத்த விரல் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான்.

இன்னொரு வேலையும் உண்டு. ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றை நம் பக்கம் தள்ளும்போது, பின்பக்கம் அதே காற்றை எதிர்த் திசையில் இழுக்கிறது. ஊஞ்சலை ஒருவர் தள்ள, அதே சமயத்தில் இன்னொருவர் பின்னால் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? ஊஞ்சல் நகராது. கதவின் உள் தகட்டில், பழுது பார்க்கக் கை நுழைவதற்கென்று பெரிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். பின்பக்கத்து ஒலி அவற்றின் வழியாக வந்து முன்பக்கத்து ஒலியோடு மோதிக் கழிந்து போகிறது. கீழ் நாதங்களுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போவதற்கு இரைச்சல் மட்டும் காரணமல்ல; இந்த ஓட்டைகளும் கூட்டாளிகள். அவற்றை அடைத்தால், இருக்கிற ஸ்பீக்கரே இன்னும் கனமாகப் பேசும்.

மூன்றாவது வேலை ஒன்று இருப்பதாகத்தான் கடைகளில் அடித்துச் சொல்லுகிறார்கள்: சாலை இரைச்சலைத் தடுப்பது. இங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெளி இரைச்சலைத் தடுக்க வேண்டியது பசை அல்ல, கனம். ஒரு தடுப்பின் எடையை இரண்டு மடங்காக்கினால்தான், அதுவும் ஏட்டுக் கணக்குப்படி, சுமார் 6 டெசிபல் குறையும். தவிர, இரைச்சல் கதவு வழியாக மட்டுமா வருகிறது? கண்ணாடி வழியாக, கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக, டயருக்கு மேலுள்ள தகடு வழியாக, காலடித் தளத்தின் வழியாக என்று நாலு பக்கமும் வருகிறது. கதவை மட்டும் மூடினால் அது ஜன்னலால் நுழையும். முழுக் காருக்கும் ஒட்டினால் கொஞ்சம் குறையும். ஆனால் வண்டியின் எடை 30 கிலோவுக்கு மேல் கூடும். ஒரு பத்து வயதுப் பையனை நிரந்தரமாக ஏற்றிக் கொண்டு போவது போல!

ஆகவே, இரைச்சல் அடியோடு போய்விடும் என்று நம்பி ஷீட் ஒட்டுகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஒட்டுகிறவர்களுக்குப் பணம் வீண் போகாது.

"இந்தச் செலவை ஆம்ப்ளிஃபயரில் போட்டால் என்ன, அம்மா?" என்று பையன் விடாமல் கேட்டான். நியாயமான கேள்வி. பதிலும் கணக்கில்தான் இருக்கிறது. ஒலியை 3 டெசிபல் உயர்த்த, மின்சக்தி இரண்டு மடங்கு வேண்டும். 50 வாட் இருந்தால் 100 வாட் ஆக்க வேண்டும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல். அதற்குப் பத்து மடங்கு சக்தி. அத்தனையும் நடுங்குகிற கதவுக்குள் போய்ச் சேர்ந்தால், நடுக்கமும் அல்லவா கூடவே பெருகும்?

சரித்திரமும் என் கட்சிதான். அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-ல் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவைக் கொண்டு வந்தார்கள். எஞ்ஜினின் தீப்பொறிகள் ரேடியோவில் படபடவென்று இரைச்சலைக் கிளப்பின. அந்தக் காலத்துக் கார் ரேடியோக்காரர்கள் எல்லாருமே முதலில் அந்தப் பொறி இரைச்சலை அடக்கியாக வேண்டியிருந்தது. பாட்டெல்லாம் அப்புறந்தான்.

காதின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. தொழிலாளர் நலனை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. இரைச்சலை ஜெயிக்க வேண்டுமென்று பாட்டை உயர்த்திக் கொண்டே போனால், சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் அந்த எல்லையைத் தாண்டி விடலாம். அத்தைக்குத் தலை வலித்ததில் என்ன ஆச்சரியம்?

கடைசியில் இப்படித் தீர்மானித்தோம். முன் கதவுகள் இரண்டுக்கு மட்டும் ஷீட்: கூலியோடு 6,500 ரூபாய். முன்பக்கத்துக்கு நடுத்தர ரகத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்: 14,000. மீதி அப்படியே இருக்கட்டும். ஸப்-ஊஃபர் விவகாரத்தை ஆறு மாதம் கழித்துப் பேசலாம். பின் கதவுகளில் கை வைக்கவில்லை.

வேலை நடந்தபோது நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சகோதரிகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஷீட்டின் ஜாதியை முதலில் கேளுங்கள். மலிவான ஷீட்டுகள் தார்ச் சரக்கு. கத்திரி வெயிலில் நிறுத்தி வைத்த காரில் அது இளகி, நாற்றமடித்து, நாளடைவில் நழுவவும் கூடும். ப்யூட்டைல்தானா என்று உறுதி செய்து கொள்ள வேண்டும்.

வெளித் தகடு முழுவதையும் மூட வேண்டிய அவசியமில்லை. பரந்து கிடக்கும் நடுப் பகுதியில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினாலே நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு மேல் ஒட்டுவதில் லாபம் குறைவு. பில் மட்டும் வளரும். உள் தகட்டு ஓட்டைகளை மட்டும் முழுமையாக அடைக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுவதற்கு முன் தகட்டை ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும். ஒட்டிய பிறகு சிறு உருளையால் சப்பாத்தி இடுகிற மாதிரி அழுத்தித் தேய்க்க வேண்டும். காற்றுக் குமிழி தங்கிய இடத்தில் ஷீட் வேலை செய்யாது.

எல்லாவற்றிலும் முக்கியம், கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்கள். மழை நீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கி, அந்தத் துவாரங்கள் வழியாகத்தான் வெளியேறுகிறது. அவற்றை மூடினால் ஒரு ஐப்பசி மழைக்கே நீர் தேங்கித் துருப் பிடிக்க ஆரம்பிக்கும். உள் பலகையை மாட்டுவதற்கு முன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து விடுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான காற்றழுத்த உணர்வி கதவுக்குள்ளேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியானால், கம்பெனி சர்வீஸில் கேட்காமல் ஓட்டைகளை அடைக்கக் கூடாது.

பலன் என்ன என்கிறீர்களா? உள்ளதைச் சொல்கிறேன். டெலிபோனில் உள்ள டெசிபல் கருவி, அதே சாலையில் அதே 80 கிலோ மீட்டர் வேகத்தில், முன்பு 71 காட்டியது. இப்போது 69 காட்டுகிறது. வித்தியாசம் இரண்டே இரண்டு. கரடுமுரடான சாலையில் டயர் முன்போலவே உறுமுகிறது. ஆனால் முன்பு ஒலியை 24-ல் வைத்தும் புரியாத பாட்டு, இப்போது 17-லேயே தெளிவாகக் கேட்கிறது. கதவை விரலால் தட்டினால் 'டொக்' என்கிறது. சாத்தினால் பெரிய கார்போல் கௌரவமாகச் சாத்திக் கொள்கிறது. முன் ஸீட்டில் பேசுவது பின் ஸீட்டுக்கும் கேட்கிறது. பாட்டை அலற விடாததால் வந்த சௌகரியம் இது.

போன மாதம் மரக்காணம் தாண்டியதும் அத்தை, "யாரு மிருதங்கம்?" என்று கேட்டார். அவர் விரல்கள் மடியில் தாளம் போட்டுக் கொண்டிருந்தன. ஆம்ப்ளிஃபயர் கட்சிக்காரனான பையன் தான் பதில் சொன்னான். அதோடு அவன் ஸப்-ஊஃபர் பேச்சை விட்டுவிட்டான் என்று நினைத்து விடாதீர்கள். ஆறு மாதக் கெடு இன்னும் முடியவில்லை.

எல்லாருக்கும் இந்தச் செலவு தேவையில்லை. பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போய் வருகிறவர்கள், செய்தி மட்டும் கேட்கிறவர்கள், அடுத்த வருஷம் காரை விற்கப் போகிறவர்கள் பணத்தைப் பத்திரமாக வைத்துக் கொள்ளலாம். மற்றவர்கள், கடைக்குப் போவதற்கு முன் டயரில் காற்று சரியாக இருக்கிறதா, கண்ணாடி ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கதவைத் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் முதலில் கதவு, அடுத்தது ஸ்பீக்கர், அதற்கும் அப்புறம்தான் மற்றவை.

இனி எங்களுக்கு மிச்சமிருக்கும் தொல்லை, பின்னால் வருகிற பஸ்காரரின் ஹார்ன் ஒன்றுதான். அதற்கு ஷீட் ஒட்ட வேண்டிய இடம் நம் காரில் இல்லையே!