பதின்மூன்று நிமிடங்கள்

பல வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். தினமும் காலை நாலு மணிக்கு அங்கே ஒரு கணக்கு நிரல் ஓடும். முக்கால் மணி நேரத்தில் முடிந்து, ஆறு மணிக்குள் கிளைகளுக்குப் பட்டியல் போய்விடும். ஒருநாள் ஏழு மணியாகியும் அது முடியவில்லை. போன் மேல் போன்.

அந்த வாரம்தான் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அந்த நிரலில் சில மாற்றங்கள் செய்திருந்தான். அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. கூட்டத்தில் மேலாளர் காரணம் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "புதுசா எழுதின கோடுதான் சார், சிபியூவைத் தின்னுது" என்றேன். ஆதாரமும் வைத்திருந்தேன். நான்கு கோர் உள்ள எந்திரத்தில் 'டாப்' கட்டளை லோட் ஆவரேஜ் 9 என்று காட்டியிருந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டு எதையோ குறித்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்தான். "அண்ணா, ஒரு தடவ இதைப் பாருங்களேன்." நிரலுக்கு முன்னால் 'டைம்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டியிருக்கிறான். அவ்வளவுதான். முடிவில் மூன்று வரிகள். ரியல்: 182 நிமிடம். யூசர்: 11. சிஸ்: 2.

ரியல் என்பது சுவர்க் கடிகாரத்தின் நேரம். யூசர், நிரல் தன் சொந்தக் கணக்கைப் போடச் செலவிட்ட ப்ராசஸர் நேரம். சிஸ், கோப்பைத் திற, படி, எழுது என்று அது கேட்டதற்காகக் கெர்னல் உழைத்த நேரம். இரண்டையும் கூட்டினால் பதின்மூன்று நிமிடம். ஒரே இழையில் ஓடும் நிரல் அது. அப்படியென்றால் மீதி 169 நிமிடமும் ப்ராசஸரில் அது ஓடவே இல்லை, காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அப்போ லோட் 9? லினக்ஸில் அந்த எண் ப்ராசஸருக்காக நிற்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்குக்காக, இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடப்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறது. 1993-லிருந்தே அப்படித்தான். எனக்கு அது தெரியும். படித்திருக்கிறேன். கூட்டத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை, வரவேண்டிய அவசியமும் அப்போது எனக்கு இருக்கவில்லை.

"டிஸ்க்க வேற யாரோ பிடிச்சு வச்சிருக்காங்கண்ணா. மத்தியானம் ஓட்டிப் பார்த்தேன், முப்பத்தெட்டு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு" என்றான். யார் என்று அவன் சொல்லவில்லை. இரவு ஒரு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த பேக்கப்பை அந்த வாரம்தான் நாலு மணிக்கு மாற்றியிருந்தேன். அதே டிஸ்க்கில்.

ப்ராசஸர் நேரத்தை அளப்பதிலேயே பழைய ஓட்டை ஒன்று உண்டு. கடிகாரம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் கெர்னல் எட்டிப் பார்க்கும். அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருப்பவன் தலையில் ஒரு முழுத் துடிப்பையும் எழுதும். பஸ்ஸில் செக்கர் ஏறுகிற மாதிரி. அவர் ஏறுவதற்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கியவன் தப்பித்தான். 2007-ல் ட்ஸாஃப்ரிர், எட்சியோன், ஃபைட்டல்சன் என்ற மூவர் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். துடிப்புக்குச் சற்றுமுன் உறங்கி, பின் எழுந்து, ப்ராசஸரின் பெரும்பகுதியை ஒரு நிரல் தின்னமுடியும். பில் அந்த நேரத்தில் அங்கே நின்றவனுக்குப் போகும் என்று காட்டினார்கள். பிற்பாடு அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது.

பேக்கப்பை அன்றே பழைய நேரத்துக்கு மாற்றிவிட்டேன். மறுநாள் ஐந்து மணிக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. எல்லாரும் பையன் தன் கோடைத் திருத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பையனோட வேலை எப்படி? கன்ஃபர்ம் பண்ணலாமா?" என்று கேட்டார்.

இருக்கைக்குத் திரும்பி மெயில் எழுதினேன், கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும். பேக்கப்பை மாற்றியது நான், நிரலில் பிழை இல்லை, கண்டுபிடித்தது அவன். நாலு வரிதான். எழுத ஒரு மணி நேரம் ஆனது. அதில் ஐந்து நிமிடம்கூட நான் தட்டச்சு செய்திருக்கமாட்டேன்.