எம் அன்னையார் கற்ற எண்கள்

இருபத்திரண்டாண்டுகள் மருத்துவமனையொன்றிற் செவிலியராயிருந்த எம் அன்னையார், முழங்கால் நோவினால் இராப்பணியில் நிற்கவியலாராய், 2022ஆம் ஆண்டில், தமது 46ஆம் அகவையில், மருத்துவக் குறியீட்டுத் தொழிலைக் கற்கத் தொடங்கினார். அமெரிக்க மருத்துவமனைகளின் ஏடுகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியெண்களை இடுதலே அத்தொழில். அவ்வெண்களைக் கொண்டே ஆங்குக் காப்பீட்டார் பணம் அளிப்பர். சென்னையில் இதனைச் செய்வார் பலர்.

யாம் நூற்பாக்களை மனனஞ்செய்யும் மேசையின் மறுபுறத்தில் அவர் எண்களைப் பயின்றார். இரண்டாம் வகை நீரிழிவு ஈ11.9, நாட்பட்ட சிறுநீரக நோயும் உடன்கூடின் ஈ11.22, அதன்மேல் அந்நோயின் படிநிலைக்கு வேறோர் எண். இலக்கணப் புறனடைகள் இதனினும் எளியவென்று எமக்குத் தோன்றியதுண்டு. தேர்வில் நான்கு மணியில் 100 வினாக்கள். 70 விழுக்காடு பெறல் வேண்டும். முதன்முறை தவறினார்.

அறியாமையாலன்று, அறிவாலேயே தவறினார். முகங்கண்டே நோயின் போக்கை உணர்பவராதலின், ஏட்டில் எழுதாததையும் உய்த்துணர்ந்து விடையளித்தார். புறநோயாளர் ஏட்டில் மருத்துவர் "இருக்கலாம்" என ஐயுற்ற நோய்க்கு எண் இடலாகாது. இருமல், நோவு என்னும் அறிகுறிக்கே இடல் வேண்டும். தெரிந்ததைத் தெரியாதார்போல் அடக்குதலே அவர்க்குப் பெரும்பாடாயிற்று.

"கண்ணாற் காணாத நோயாளிக்கு என்ன பணிவிடை, அம்மா?" என்றார் பாட்டியார். அன்னையார் விடை கூறிலர். யாமும் அந்நாளில் அவர் பொருட்டுச் சிறிது நாணினோம் என்பதை மறைப்பானேன்?

மறுமுறை தேறி வேலையும் பெற்றார். ஓரிரவு, வீட்டில் வழுக்கி வீழ்ந்த 81 அகவை முதியவர் ஒருவரின் ஏட்டை முடித்து வந்தார். பெயரும் ஊரும் வெளியிற் கூறலாகாது, யாமும் கேட்டிலோம். குடும்ப ஜெபத்தின் இறுதியில், "இடுப்பெலும்பு முறிந்த அந்தப் பெரியவரையும் நினைத்தருளும், ஆண்டவரே" என்றார். பாட்டியாரே முதலில் ஆமென் என்றார்.