கல் என்றுதான் நினைத்தேன்

இடது விலாவுக்குக் கீழே வலி. வந்தால் உயிர் போகும். இரண்டு நாளில் தானாகவே விட்டுவிடும். மூன்று வருஷமாக இப்படித்தான். "கல்லாத்தாம்மா இருக்கும், வாழைத்தண்டு சாறு குடி" என்றார் மாமியார். வலி நின்றபோதெல்லாம் வாழைத்தண்டுக்குத்தான் நல்ல பெயர்!

ஒரு நாள் சிறுநீர் பீட்ரூட் கழுவின தண்ணீர் போலப் போயிற்று. மாதவிலக்காக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அடுத்த மாதம், குளித்துப் பத்து நாள் கழித்து மறுபடியும். அவரிடம் சொல்லக் கூச்சம். இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது. சகோதரிகளே, சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு தடவை தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது, கல்லைக் காணோம். "விழுந்திருக்கும்" என்று அனுப்பிவிட்டார் ஒரு டாக்டர். சிறுநீரக அறுவை நிபுணர் ஒருவர்தான், "கல் இல்லையென்றால் வீக்கம் ஏன்?" என்று கேட்டு, ஊசியில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதில் மருந்து இறங்கிய தடத்தின் நடுவே விரல் மாதிரி ஒரு கறுப்பு.

"புற்றுநோயா, டாக்டர்?"

"எடுத்துப் பார்த்தால்தாம்மா சொல்ல முடியும்."

அன்றிரவு, இரண்டாவது படிக்கும் பெண்ணுக்குப் பின்னல் போட அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

வயிற்றில் கத்தி படவில்லை. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை மேலே செலுத்தி, லேசரால் அடியோடு எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் செய்வார்களாம். பரிசோதனை முடிவு வரும்வரை ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. வந்தது: ஃபைப்ரோ எபிதீலியல் பாலிப். அபூர்வமான சதை வளர்ச்சி, புற்று இல்லை. வால் போலக் குழாய்க்குள் ஆடுமாம். அடைத்தால் வலி, விலகினால் நிம்மதி. வாழைத்தண்டின் மகிமை இவ்வளவுதான்!

குழாய் ஆறும்வரை உள்ளே வைத்த ஸ்டென்ட் படுத்தியதைத்தான் யாரும் முன்னால் சொல்லவில்லை. அரைமணிக்கு ஒரு தரம் பாத்ரூம், போகும்போதெல்லாம் இடுப்பில் சுரீர். நாலு வாரத்தில் எடுத்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தது. அவ்வப்போது வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பின்னல் மட்டும் என் கைக்குத் திரும்பவில்லை. "அப்பாதான் வலிக்காமப் பின்றாரு" என்கிறாள் பெண்.