தெற்றாவுக்குப் போகிற ஐஸ் றோட்டு

2021 ஜனவரியில் எங்கள் ஸ்காபுறோ வீட்டு வாசலில் அம்மா வழுக்கி விழுந்தா. வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு இரண்டு மாதத்தில் பொருந்திவிட்டது, பயம்தான் போகவில்லை. அதற்குப் பிறகு நவம்பர் பிறந்தால் ஏப்ரல் வரை அவ வாசற்படி தாண்டுவதில்லை. கோயில் இல்லை, கல்யாண வீடு இல்லை, பக்கத்துத் தெருவில் இருக்கிற சின்னம்மா வீடுகூட இல்லை. டொக்டரிடம் போவதென்றால் காரை வாசலோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொண்டு போவோம்.

2025 பெப்ரவரி, குடும்ப தின நீண்ட வார இறுதி. பிள்ளைகளுக்குத் துருவ ஒளி காட்ட யெலோநைவ் போவதென்று முடிவெடுத்தோம். அம்மாவைத் தம்பி வீட்டில் விடுவதாகத்தான் திட்டம்.

"அம்மம்மா வரேல்லையோ?" என்று மகன் கேட்டான்.

"இஞ்சத்தக் குளிர் காணாதெண்டு அங்க போயும் விழோணுமோ?" என்று சிரித்தா.

இரண்டு நாள் கழித்து, தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டா: "ரிக்கெற் இன்னும் கிடக்கோ பிள்ளை?" ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவா.

யெலோநைவ் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரம். இருபதாயிரம் பேர் அளவில் வாழ்கிற சின்ன ஊர். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 450 கிலோமீற்றர் தெற்கே இருக்கிறது. ஆனாலும் துருவ ஒளி அடிக்கடி தோன்றுகிற வளையம் இந்த ஊரின் தலைக்கு மேலாகத்தான் போகிறது. கல்கரியில் விமானம் மாறிப் போய் இறங்கியபோது மைனஸ் 31. வெளியே விட்ட முதல் மூச்சிலேயே மூக்குக்குள் மயிர் விறைத்தது. கார்களின் முன்பக்கத்தில் வயர் தொங்குவதைப் பார்த்து, "எல்லாம் எலெக்ரிக் காரோ?" என்றாள் மகள். இல்லை. இரவில் எஞ்சின் விறைக்காமல் சூடாக வைத்திருக்க, கரண்டில் செருகுகிற வயர் அது.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளுக்குப் பருத்தி உடுப்புப் போடாதீர்கள். அது வியர்வையை உறிஞ்சி ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொள்ளும். கம்பளிதான் நல்லது. பெரிய கோட்டும் சப்பாத்தும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். ஃபோனை உள் பொக்கற்றில் வையுங்கள், குளிர் பட்டால் பற்றறி சட்டென்று இறங்கிவிடும்.

நாங்கள் எடுத்த வாடகை வீட்டு வாசலிலும் ஐஸ்தான். அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றா. பிறகு ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தா. மற்றக் காலையும் வைத்தா.

"வழுக்கேல்லை. மணல் மாதிரிக் கிடக்கு."

இது அவவின் கற்பனை இல்லை. ஐஸ் உருகுகிற நிலைக்குக் கிட்ட இருக்கும்போதுதான் கூடுதலாக வழுக்கும். அப்போது அதன் மேல் தண்ணீர் போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கும். குளிர் கூடக் கூட அந்தப் படலம் குறைந்து, மேற்பரப்பு காலைப் பிடிக்கத் தொடங்கும். ரொறன்ரோவில் பகலில் உருகி இரவில் உறைகிறது. பூச்சியத்தைச் சுற்றியே ஊஞ்சல் ஆடுகிறது. குளிரில் பெரியது வடக்கு, ஆனால் விழுத்துகிற வேலையில் கெட்டிக்காரி எங்கள் ரொறன்ரோ.

இரண்டாம் நாள் ஐஸ் றோட்டுக்குப் போனோம். ஏரியின் அக்கரையில் தெற்றா என்ற டெனே பூர்வகுடிக் கிராமம் இருக்கிறது. கோடையில் கரையைச் சுற்றிப் போனால் 27 கிலோமீற்றர். குளிர்காலத்தில் உறைந்த ஏரிக்கு மேலாக ஆறரைக் கிலோமீற்றர்தான். ஸ்நோ ஒரு போர்வை போலக் கிடந்து, கீழே தண்ணீர் உறைவதைத் தாமதப்படுத்தும். ஆகவே அதை வழித்து எடுத்துவிடுவார்கள். தடிப்பை அளந்து பார்த்து, எவ்வளவு பாரம் போகலாம் என்று பலகையில் போடுவார்கள். வேகமாகவும் ஓட்டக்கூடாது, காரின் பாரத்தால் கீழே தண்ணீரில் அலை எழும்பி ஐஸை உடைக்கலாம்.

மகன் ஃபோனைப் பார்த்து, "இந்த ஏரிதான் வட அமெரிக்காவிலேயே ஆழமானதாம். 614 மீற்றர்!" என்று உரத்து வாசித்தான். நாங்கள் போன குடாவில் அவ்வளவு ஆழமில்லை என்று இவர் சொல்லத் தொடங்கினார், அம்மா கையைக் காட்டி நிறுத்தினா.

நடுவழியில் ஓரமாகக் காரை நிறுத்தினோம். கறுப்பு நீலத்தில் கண்ணாடி போல ஐஸ், உள்ளே வெள்ளை வெடிப்புகள். தூரத்தில் எங்கேயோ ஐஸ் "டொம்" என்றது. நான் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"கிளாலி ஞாபகமிருக்கோ?" என்றா.

இருந்தது. 1992, எனக்கு ஏழு வயது. ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலம். யாழ்ப்பாணத்துச் சனம் இரவில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்துதான் வெளியே வரும். லைற் போடக்கூடாது. கடற்படை சுட்டு எத்தனையோ பேர் செத்த தண்ணீர் அது. அம்மாவின் மடியில் தம்பி, சட்டைத் தலைப்பைப் பிடித்தபடி நான்.

"உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ அம்மா?"

"அண்டைக்கு உங்கள் ரெண்டு பேரையும் நான் பிடிச்சுக்கொண்டிருந்தன். பயப்பிட நேரமில்லை. இப்ப எல்லாரும் என்னைப் பிடிக்கிறியள். பிடிக்கப் பிடிக்க, விழப்போறன் எண்டுதான் எனக்கு வருது."

நான் கையை விட்டேன். விட எனக்குத்தான் பயமாக இருந்தது. அவ மகளைக் கூப்பிட்டு அவளின் கையைத் தான் பிடித்துக்கொண்டு, ஐஸுக்கு மேல் நடந்தா. நூறு அடி இருக்கும். திரும்பியும் பார்க்கவில்லை.

துருவ ஒளி மூன்றாம் இரவுதான் வந்தது. முதலில் சாம்பல் நிற முகில் மாதிரி. எங்கள் கண்ணுக்கு முன்னே கமராவுக்குத்தான் பச்சை தெரிந்தது. பிறகு வானம் முழுக்க எழும்பி ஆடியது. சூரியனில் இருந்து வரும் துகள்கள் நூறு கிலோமீற்றருக்கு மேலே ஒட்சிசனில் மோதுவதால் வருகிற பச்சை என்று மகனுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா அண்ணாந்தபடி, யாரையும் பிடிக்காமல், அரை மணித்தியாலம் நின்றா.

வீட்டுக்கு வந்தபிறகும் எனக்கு அந்த 27உம் ஆறரையும்தான் மனதில் நின்றன. அங்கே குளிர் வந்தால் அயலூர் கிட்ட வருகிறது. இங்கே சின்னம்மா வீடு ஐந்து மாதம் தூரப் போய்விடுகிறது. தூரமாக்கியதில் எங்கள் கவனிப்புக்கும் பங்கு இருக்கிறது.

அடுத்த கிழமை அம்மா சப்பாத்தில் மாட்டுகிற முள்ளு வாங்கித் தரச் சொன்னா. கனேடியன் ரயரில் வாங்கி வந்தேன். மாட்டிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குத் தனியப் போனா. நான் யன்னலில் நின்றேன். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்து, வாசலில் முள்ளைக் கழற்றியபடி சொன்னா:

"இஞ்சத்த ஐஸை நம்பேலாது பிள்ளை. நாளைக்கும் உப்புப் போட்டு விடு, கோயிலுக்குப் போகோணும்."