முழங்கை செய்யும் வேலை

சித்ரா பௌர்ணமியன்று நடவாவி உற்சவத்துக்காகக் காஞ்சி வரதர் அய்யங்கார்குளம் புறப்படும்போது செவிலிமேடு வழியாகத்தான் போகிறார். நெசவாளர் வீடுகளின் வாசலில் தட்டோடு நிற்பவர்கள், தோளில் குழந்தையோடு ஓடி வருபவர்கள், குடைக்கும் தீவட்டிக்கும் நடுவே நெருக்கும் இளைஞர்கள் என்று வந்தவாசி சாலையே அடைபட்டுப் போகும். அந்த நெரிசலில் பந்தோபஸ்துக்கு நிற்கும் ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் இடுப்பை மட்டும் கவனித்தால் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் அங்கே தெரியும். ஒரு கையில் லத்தி, மறு கை கயிற்றைப் பிடித்துக் கூட்டத்தை ஒதுக்குகிறது. வலது முழங்கை மட்டும் விலாவை விட்டு நகர்வதில்லை. கைத்துப்பாக்கி உறையின் மூடியில் உள்ள பித்தளைப் பொத்தான் தேய்ந்து தளர்ந்திருக்கிறது. யாராவது உரசினால் மூடி திறந்துகொள்ளும் என்பது அந்த முழங்கைக்குத் தெரியும். உறை செய்ய வேண்டிய வேலையை ஓர் ஆள் தன் உடம்பால் செய்துகொண்டிருக்கிறார். எங்கள் ஊர்க் காவலுக்கான உறையை எவ்வளவு வேகமாகத் துப்பாக்கியை உருவலாம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறு என்றும், கூட்டத்தில் பிறர் கைக்குப் போகாமல் எவ்வளவு உறுதியாகப் பிடித்து வைக்கிறது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் நான் நினைப்பது இதனால்தான்.

இடுப்பு உறையின் சரித்திரமே குதிரைக்காரனுடைய சரித்திரம். சாம் பிரவுன் என்ற ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி 1858-இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடக்கையை இழந்தார். ஒற்றைக் கையால் வாளை உருவுவதற்கு வசதியாக, இடுப்புப் பட்டையோடு தோளின் குறுக்கே ஒரு வாரையும் சேர்த்து அவர் அணிந்த அமைப்புதான் பிறகு உலகப் படைகள் பலவும் எடுத்துக்கொண்ட ‘சாம் பிரவுன் பெல்ட்’. நம் காவல் அதிகாரிகள் அணிவகுப்பில் இன்றும் அதைப் பளபளவென்று பாலிஷ் போட்டு அணிகிறார்கள். அந்தப் பட்டையில் தொங்கிய மூடி போட்ட உறைக்கு இரண்டு பகைகள்தான்: மழையும் குதிரையின் குலுக்கலும். குதிரை மேல் இருப்பவனின் இடுப்பில் பின்னாலிருந்து எவனும் கைவைக்கப் போவதில்லை. ஆகவே ஒரு மூடி, ஒரு பொத்தான், அவ்வளவே போதுமானதாக இருந்தது. குதிரையை விட்டு இறங்கி, வரதர் பின்னால் வரும் கூட்டத்துக்குள் நடக்கத் தொடங்கிய பிறகும் நாம் அதே மூடியைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்திவரதர் வைபவம் நடந்தபோது, கோடிப் பேரைத் தொட்டதாகச் சொல்லப்பட்ட கூட்டத்தின் ஊடே காவலர்கள் நின்றார்கள். அப்படிப்பட்ட ஊரில் உறையின் முதல் பகை நெரிசல்.

உறையின் தரம் தோலில் தொடங்குகிறது. செவிலிமேட்டுக்கு அந்தத் தோல் அந்நியமில்லை. மேற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிடும் ஊர்கள். அவற்றின் கழிவைக் குறித்துத்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பைத் தந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் செவிலிமேட்டுப் பாலத்தில் நின்று தோலின் மேன்மையைப் பற்றி மட்டும் பேசுவது நாணயமாகாது என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன். அந்த ஊர்களில் பெரும்பாலும் குரோம் உப்பால் பதனிடுகிறார்கள். செருப்புக்கும் பைக்கும் ஏற்ற, துணிபோல வளையும் தோல் அது. உறைக்கு வேண்டியது வேறு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் வாரக்கணக்கில் ஊறிய பட்டைத் தோல்தான் நனைத்தால் இளகி, அச்சின் மேல் அழுத்தினால் அதன் வடிவை வாங்கி, உலர்ந்தபின் அப்படியே விறைத்து நிற்கும். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்துப் பட்டைத் தோல் ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல உறைக்கான சரக்கு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சீருடைக் கடைகளில் தொங்கும் மலிவு உறைகள் பலவும் ஏன் துவண்ட தோலில் இருக்கின்றன என்பதற்கு விலையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தோல் துவண்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். உறையின் வாய் விறைப்பாகத் திறந்திருந்தால், துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது கண் கூட்டத்தின் மேலேயே இருக்கலாம். வாய் மடிந்துபோனால் இடக்கையால் அதைத் திறந்துபிடிக்க வேண்டும். அதைவிட மோசம், மடிந்த தோலின் விளிம்பு விசை வளையத்துக்குள் நுழைவது. செருகும் வேகத்தில் அந்த விளிம்பே விரலைப்போல விசையை அழுத்தும். கிளாக் போன்ற துப்பாக்கியில் கட்டைவிரலால் போடும் தனிப் பூட்டு கிடையாது. விசை வளையத்தை முழுக்க மூடிய உறைதான் அதற்குப் பூட்டு. இஷாப்பூரில் செய்யும் 9 மி.மீ. 1ஏ துப்பாக்கிக்குத் தனிப் பூட்டு உண்டு என்றாலும் விதி அதுவே. ஆகவே உறையின் உயிர் விசை வளையத்தை ஒட்டி ஓடும் தையலில் இருக்கிறது. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வையைப்போல, பிரிந்தால் பொருள் முழுவதும் பயனற்றுப்போகும் இடம் அது. நல்ல தையல்காரர் அங்கே இயந்திரத்தை நம்பமாட்டார். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக இழுப்பார். ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி நெகிழாது. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டு நிற்பதால் ஒன்று தேய்ந்து அறுந்தால் வரிசையாக விட்டுக்கொடுக்கும். கடையில் உறையை வாங்குபவர் பாலிஷைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது இந்த ஒரு விரற்கடை நீளத்தை.

வேகம் என்ற வாதத்துக்கு வருகிறேன். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, காவலர் கையில் ஆயுதம் தயாராக இருக்க வேண்டும் என்ற பேச்சு வலுவாக எழுந்தது. அந்த ஆதங்கத்தை மறுக்க முடியாது. ஆனால் ‘தயார்’ என்பதில் உறையின் பங்கு எவ்வளவு? குண்டறையைக் காலியாக வைத்துச் சுமக்கும் வழக்கமுள்ள இடத்தில், உருவிய பிறகு இரண்டு கையாலும் மேற்பாகத்தை இழுத்துவிட்டால்தான் சுடவே முடியும். தாமதம் பெரும்பாலும் அங்கே நிகழ்கிறது. கட்டைவிரல் பட்டால் விடுபடும் பூட்டுக்கு, பழகிய கை ஒரு விநாடியில் சிறு பங்கைத்தான் செலவிடும். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யில் இருந்த பில் ரோஜர்ஸ் 1970-களில் உறைகளுக்கு ஒரு சோதனை வகுத்தார். துப்பாக்கியின் பிடியை ஒருவர் முழுப்பலத்தோடு 5 விநாடி இழுத்தும் வெளிவராவிட்டால் அது முதல் நிலை. முதல் பூட்டை விடுவித்த பிறகும் இன்னொரு 5 விநாடி தாங்கினால் இரண்டாம் நிலை. அப்படியே மேலே போகும். தேர்த்தெருவில் நிற்பவருக்கு இரண்டாம் நிலைக்குக் குறைந்த எதுவும் போதாது. மூன்றாம் நிலைக்கு எதிராக ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது: பயிற்சி இல்லாத கைக்கு அடுக்கடுக்கான பூட்டு உருவவே விடாத சிறையாகிவிடும். பயிற்சி நாட்களில் குறிபார்ப்பதோடு உறையிலிருந்து எடுப்பதையும் செருகுவதையும் காலி துப்பாக்கியால் நூறு முறை செய்யவைக்கும் வரை, இரண்டாம் நிலையோடு நிற்பதே புத்தி.

லேன்யார்டு என்ற பின்னல் கயிறு இருக்கிறதே, பிறகென்ன கவலை என்பவர்களும் உண்டு. பிடியின் அடிவளையத்தையும் தோளையும் இணைக்கும் அந்தக் கயிறு துப்பாக்கி தரையில் விழாமலும் தொலையாமலும் காக்கும், சரி. பறிப்பவனை அது தடுப்பதில்லை. துப்பாக்கி அவன் கையில், கயிறு நம் தோளில் என்றால் இருவரும் கட்டுண்டு நிற்க வேண்டியதுதான். கழுத்தைச் சுற்றி மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் கெடும். பெல்ட்டில் கோத்த குட்டைச் சுருள்கயிறு பரவாயில்லை. பூட்டுள்ள உறைக்குத் துணையாக மட்டும்.

தோலே வேண்டாம், வெப்பத்தில் இளக்கி வார்க்கும் கைடெக்ஸ் பிளாஸ்டிக் போதுமே என்ற கட்சியும் வலுவானது. வியர்வையை உறிஞ்சாது, துவளாது, மலிவு. காஞ்சியின் மே மாதப் புழுக்கத்தில் தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்து எஃகைத் துருவேற்றும் என்பதும் உண்மை. இரவில் துப்பாக்கியைத் தோலுறையிலேயே விட்டுவைக்கக் கூடாது என்பது பழைய விதி. பணி உறைக்கு நானும் பிளாஸ்டிக் பக்கமே சாய்கிறேன். பாலாற்று மணலில் ஒரு சாமி புறப்பாடு முடிந்ததும் உள்ளே ஒட்டிய மணலைத் தட்டிக் கழுவினால் போதும். தோலில் புதைந்த மணல் துப்பாக்கியின் மேற்பூச்சைத் தினமும் ராவும்.

உரிமம் பெற்ற பட்டு வியாபாரியும் நகை அடகுக்காரரும் மறைத்து வைத்துச் சுமப்பது வேறு கணக்கு. அங்கே முதல் பாதுகாப்பு, துப்பாக்கி இருப்பது பிறருக்குத் தெரியாமலிருப்பது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உரிய உறையில், முழுக்க மறைத்தே கொண்டுபோக வேண்டும் என்கின்றன. உறையில்லாமல் சட்டைப் பையிலோ மஞ்சள் பையிலோ போட்டுக்கொண்டு போவதற்கு இடமில்லை. சிக்கல் நம் உடையில் இருக்கிறது. வேட்டியின் மேல் கட்டும் பைவைத்த அகலப் பச்சை பெல்ட் பணத்தையும் கைபேசியையும் தாங்கும். முக்கால் கிலோ எஃகைத் தாங்காமல் முன்பக்கம் சரியும், சட்டைக்கு மேல் பிடி முட்டும். உள்ளே கெட்டிப்பட்டை வைத்துத் தைத்த பெல்ட் இல்லாமல் எவ்வளவு நல்ல உறையும் வீண். 2014-இல் கான்பூரில் பெண்களுக்கென வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வர் டைட்டானியம் கலவையால் எடையை அரைக்கிலோவாகக் குறைத்தது. அதை மெரூன் நிற நகைப்பெட்டியில் வைத்து விற்றார்கள் என்பது அப்போது பெரிய செய்தியாக வந்தது. புடவையோடும் சுடிதாரோடும் அதை எந்த உறையில், உடம்பில் எங்கே வைப்பது என்ற கேள்வி அந்தப் பெட்டியின் அழகில் மறைந்துபோயிற்று. கைப்பையில் வைத்தால் பையைப் பறிப்பவனுக்கே அது போய்ச்சேரும். அப்படியும் வைத்தே ஆகவேண்டுமென்றால், விசை வளையத்தை மூடும் விறைப்பான உறையோடு, வேறெதுவும் போடாத தனி அறையில்தான் வைக்க வேண்டும்.